டச்சு மொழியில் வங்கி, காப்பீட்டு ஆவணங்கள்: கேள்வி-பதில்

கேள்வி: நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய இரு நாடுகளிலும் கடனும் காப்பீடும் விற்கும் நிறுவனம், ஒரே டச்சு மொழிபெயர்ப்பை இரண்டு இடத்திலும் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. நெதர்லாந்து முழுவதற்கும் பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸுக்கும் டச்சு ஆட்சிமொழி. பிரஸ்ஸல்ஸில் பிரெஞ்சோடு அதற்கும் சம இடம் உண்டு. தென் அமெரிக்காவின் சூரிநாமிலும், கரீபியன் தீவுகளான அருபா, குராசாவ், சின்ட் மார்ட்டனிலும் அது ஆட்சிமொழிதான். எழுத்துக்கூட்டலில் வேற்றுமை இல்லை. 1980இல் நெதர்லாந்தும் பெல்ஜியமும் ஒப்பந்தம் செய்து தொடங்கிய டச்சு மொழி ஒன்றியம் இரு நாட்டுக்கும் பொதுவான எழுத்துமுறையை வகுத்து வருகிறது. 2004இல் சூரிநாமும் அதில் சேர்ந்தது. ஆகவே ஒரு நாவலோ பாடநூலோ எல்லையைக் கடந்தால் வாசகருக்குப் பெரிய சிரமம் வராது. கடன் ஒப்பந்தமும் காப்பீட்டுப் பாலிசியும் அப்படிக் கடப்பதில்லை.

நிதித்துறைச் சொற்களின் பொருளை அகராதியைவிடச் சட்டமே தீர்மானிக்கிறது என்பதுதான் காரணம். நெதர்லாந்தின் இன்றைய சிவில் சட்டத் தொகுப்பின் முக்கியப் பகுதிகள் 1992இல் நடைமுறைக்கு வந்தவை. பெல்ஜியச் சட்டமோ நெப்போலியன் காலத் தொகுப்பிலிருந்து கிளைத்து, நெடுங்காலம் பிரெஞ்சிலேயே வாழ்ந்தது. அங்கே சட்டங்களின் டச்சு வடிவத்துக்குப் பிரெஞ்சுக்கு நிகரான மதிப்பு 1898இல்தான் கிடைத்தது. அரசியல் சட்டத்தின் டச்சு வடிவம் அதிகாரபூர்வமானது 1967இல். பிரெஞ்சின் நிழலில் வளர்ந்த அந்தத் தடம் இன்றைய வங்கிப் படிவங்களிலும் தெரிகிறது. கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் எடுப்பதை நெதர்லாந்துக்காரர் ‘ஆட்டோமாட்டிஸ இன்காசோ’ என்பார். ஃபிளாண்டர்ஸில் அது பிரெஞ்சுச் சொல்லை ஒட்டிய ‘டொமிசிலியேரிங்’. அன்றாடப் புழக்கத்துக்கான கணக்கு வடக்கே ‘பெட்டால்ரேகனிங்’, தெற்கே ‘சிஹ்ட்ரேகனிங்’. இழப்பீட்டில் பாலிசிதாரர் தன் கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகை ஓரிடத்தில் ‘எய்ஹன் ரிசிகோ’, மற்றோரிடத்தில் ‘ஃப்ரெய்ஸ்டெல்லிங்’. கார் விபத்தில் மூன்றாம் நபருக்கான கட்டாயக் காப்பீட்டை நெதர்லாந்தில் ‘வே ஆ’ என்ற இரண்டெழுத்தாலும், பெல்ஜியத்தில் ‘பே ஆ’ என்ற இரண்டெழுத்தாலும் குறிப்பார்கள்.

மேற்பார்வை அமைப்புகளும் வேறு. நெதர்லாந்தில் வங்கிகளின் பண பலத்தை 1814இல் தொடங்கிய மத்திய வங்கியான ‘டி நெடர்லான்ஸ பாங்க்’ கண்காணிக்கிறது. வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ளும் முறையைக் கவனிப்பது ‘ஏ.எஃப்.எம்.’ என்ற நிதிச்சந்தை ஆணையம். பெல்ஜியத்தில் இதே இரட்டைப் பணியைத் தேசிய வங்கியும், 2011இல் உருவான ‘எஃப்.எஸ்.எம்.ஏ.’வும் பகிர்ந்துகொள்கின்றன. கடன் விளம்பரத்தில் கட்டாயமாக இடம்பெற வேண்டிய எச்சரிக்கையைப் பார்த்தால் இந்தப் பிரிவு எவ்வளவு நுட்பமானது என்பது புரியும். நெதர்லாந்தின் வாசகம், கடன் வாங்கினால் பணம் செலவாகும், கவனம் என்கிறது. பெல்ஜியத்தின் வாசகமும் அதையே சொல்கிறது, ஆனால் ‘கூட’ என்று பொருள்படும் ஒரு சிறு சொல் அதில் கூடுதலாக இருக்கிறது. இரண்டையும் அந்தந்த நாட்டு விதி சொல்லுக்குச் சொல் நிர்ணயித்திருப்பதால், இங்கே மொழிபெயர்ப்பாளருக்கு மொழிபெயர்க்கும் உரிமையே கிடையாது. உரிய வாசகத்தை எடுத்து அப்படியே பதிக்க வேண்டும்.

இரண்டு முறை முழுமையாக மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்பது நிறுவனங்களுக்கு ஆறுதல். ஒரு நாட்டுக்கான வடிவத்தை முதலில் முடித்து, மற்ற நாட்டின் நிதிச்சட்டம் அறிந்த ஒருவரிடம் கொடுத்துத் தழுவச் செய்வது பழகிய வழி. எந்த நாட்டுக்கு என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்காமல் விலை சொல்லும் மொழிபெயர்ப்பு நிறுவனத்தை நம்ப வேண்டியதில்லை.

கேள்வி: டச்சுக்காரர்கள் ஆங்கிலத்தில் தேர்ந்தவர்கள். அப்படியிருக்க, எந்த ஆவணங்கள் கட்டாயம் டச்சில் இருக்க வேண்டும்?

பதில்: படிக்கப்போவது யார் என்பதில்தான் கோடு விழுகிறது. தொழில்முறை முதலீட்டாளர்களுக்கு இடையிலான வேலை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே முடிந்துவிடும். பங்கு, கடன்பத்திர வெளியீட்டு அறிக்கைகளை ஏ.எஃப்.எம். டச்சிலோ ஆங்கிலத்திலோ ஏற்கிறது. நிறுவனங்கள் வணிகச் சபையில் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்குகளும் டச்சில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் ஆகியவற்றில் ஒன்றிலும் இருக்கலாம்.

சாதாரணச் சேமிப்பாளர் படிக்கும் இடம் வந்ததும் விதி இறுகுகிறது. சில்லறை முதலீட்டாளருக்கு விற்கும் தொகுப்பு முதலீடுகளுக்கும் முதலீடு சார்ந்த ஆயுள் காப்பீடுகளுக்கும் ‘முக்கியத் தகவல் ஆவணம்’ ஒன்று தர வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. 2018 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்த ஆவணம் மூன்று ஏ4 பக்கங்களைத் தாண்டக் கூடாது. ஆபத்தின் அளவை 1 முதல் 7 வரையிலான எண்ணால் காட்ட வேண்டும். விற்கும் பகுதியின் ஆட்சிமொழியிலோ, அந்நாட்டு அதிகாரிகள் ஏற்கும் வேறு மொழியிலோ அது இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பானால் மூலத்தைப் பிசகாமல் பிரதிபலிக்க வேண்டும் என்பதையும் ஒழுங்குமுறையே சொல்லிவிடுகிறது. பொதுக் காப்பீடுகளுக்கு 2016ஆம் ஆண்டு உத்தரவின்படி இதுபோன்ற சுருக்க ஆவணம் உண்டு. அதன் வழக்கமான அளவு இரண்டு பக்கம். 2019 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள வெளியீட்டு அறிக்கை ஒழுங்குமுறை, அறிக்கையின் சுருக்கத்தை ஏழு பக்கத்துக்குள் கட்டுகிறது. அந்தச் சுருக்கம் மற்றப் பகுதிகளோடு சேர்த்துப் படிக்கும்போது தவறாக வழிநடத்தினால், வெளியிட்டவருக்குச் சிவில் பொறுப்பு உண்டு. சுருக்கத்தின் மொழிபெயர்ப்பும் அந்தப் பொறுப்புக்குள் அடங்கும் என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது.

இந்த வகை ஆவணங்களில் அனுபவமில்லாத மொழிபெயர்ப்பாளர் ஒரு வீண் உழைப்பில் இறங்குவார். 1958இல் ஐரோப்பியச் சமூகம் தன் மொழிகளை முதன்முதலில் வரையறுத்தபோதே டச்சு அதன் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. எனவே ஒன்றியத்தின் ஒவ்வொரு ஒழுங்குமுறைக்கும் ஆங்கில வடிவத்துக்கு நிகரான சட்ட மதிப்புள்ள டச்சு வடிவம் உண்டு. முக்கியத் தகவல் ஆவணத்தின் தலைப்புகளும் பல வாக்கியங்களும் அதில் அச்சாகி இருக்கின்றன. அவற்றைத் தன் நடையில் புதிதாக எழுதுவது பிழை, எவ்வளவு அழகாக எழுதினாலும். ஐரோப்பிய விதியிலிருந்து நேரடியாக வரும் பகுதிகளில் நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் ஒரே டச்சு வாசகம் போதும். உள்நாட்டுச் சட்டத்தைத் தொடும் பகுதிகளில்தான் இரண்டும் பிரிகின்றன.

பாலிசி நிபந்தனைகளில் மொழிக்கு இன்னொரு சுமை இருக்கிறது. நுகர்வோர் ஒப்பந்தங்களில் நியாயமற்ற நிபந்தனைகள் பற்றிய 1993ஆம் ஆண்டு ஐரோப்பிய உத்தரவு, நிபந்தனைகள் எளிய, தெளிவான மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. பொருள் ஐயத்துக்கு இடமானால் நுகர்வோருக்குச் சாதகமான பொருளே செல்லும். மொழிபெயர்ப்பில் நுழைந்த தெளிவின்மைக்கான விலையைக் காப்பீட்டு நிறுவனம்தான் கொடுக்கும்.

ஃபிளாண்டர்ஸில் நிறுவனங்களின் கட்டாய ஆவணங்களுக்கு மொழிச் சட்டம் தனியே இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் ஆணை, அங்குள்ள நிறுவனங்கள் பணியாளர்களுடனான தொடர்பிலும் சட்டம் கேட்கும் ஆவணங்களிலும் டச்சையே பயன்படுத்த வேண்டும் என்றது. மீறினால் ஆவணம் செல்லாது. அந்த விதியின் கடுமை ஒரு வழக்கில் வெளிப்பட்டது. நியூ வால்மார் என்ற ஃபிளாண்டர்ஸ் நிறுவனம் தன் இத்தாலிய வணிகப் பங்காளிக்கு இத்தாலிய மொழியில் இன்வாய்ஸ் அனுப்பியது. பணம் கேட்டபோது, டச்சில் இல்லாத இன்வாய்ஸ் செல்லாது என்று வாங்கியவர் வாதிட்டார். வழக்கு கெண்ட் நகர நீதிமன்றத்திலிருந்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. 2016 ஜூன் 21இல் தீர்ப்பு வந்தது. எல்லை தாண்டிய வணிகத்தில், இரு தரப்புக்கும் புரியும் இன்னொரு மொழியில் செல்லுபடியாகும் வடிவத்தை எழுத இடமே தராத கட்டாயம், சரக்குகளின் தடையற்ற போக்குவரத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் சொன்னது. இது நியாயமான தீர்ப்பு. ஆனால் ஃபிளாண்டர்ஸில் இனி டச்சு தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொண்டால் ஆபத்து. எல்லைக்குள் நடக்கும் வணிகத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

கேள்வி: எண்களை மொழிபெயர்க்கத் தேவையில்லை என்கிறார்களே?

பதில்: பணச் சேதம் அதிகம் நேரக்கூடிய இடமே எண்கள்தான். டச்சில் ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, தசமத்தைப் பிரிப்பது காற்புள்ளி. 1.250,50 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ ஐம்பது சென்ட். 3,000 சதவீத வட்டி என்பது வெறும் மூன்று சதவீதம், மூன்று தசம இடங்களோடு. மென்பொருள் ஒரு வரியில் குறியை மாற்றி அடுத்த வரியில் மாற்றாமல் விடுவது சாதாரணமாக நடக்கும்.

பெரிய எண்களின் பெயர்கள் இதைவிட மோசமான பொறி. ஆங்கில ‘பில்லியன்’ டச்சில் ‘மில்யார்ட்’, அதாவது நூறு கோடி. டச்சு ‘பில்யூன்’ காதுக்குப் பில்லியன் போல ஒலித்தாலும் அதன் மதிப்பு ஒரு லட்சம் கோடி. ஒலியை நம்பி எழுதினால் ஒரு வங்கியின் சொத்து ஆயிரம் மடங்கு பெருகிவிடும் அல்லது சுருங்கிவிடும். தமிழர்களுக்கு எளிதாகும் ஒரு டச்சு வழக்கும் உண்டு. ‘டன்’ என்ற எடைச் சொல்லைப் பேச்சில் ஒரு லட்சம் யூரோவுக்குப் பயன்படுத்துகிறார்கள். நான்கு டன் வீடு என்றால் நான்கு லட்சம் யூரோ வீடு. ஆங்கிலம்வழி யோசிப்பவர் நான்கு நூறாயிரம் என்று கணக்கிட வேண்டியிருக்கும். லட்சத்தில் யோசிப்பவருக்கு அது நேராகவே வந்துவிடும்.

சொற்களிலும் இதே போலி ஒற்றுமை உண்டு. காப்பீட்டு நிறுவனம் எதிர்கால இழப்பீடுகளுக்காக இருப்புநிலைக் குறிப்பில் காட்டும் ஒதுக்கீட்டுக்கு டச்சில் ‘ஃபோர்சீனிங்’ என்று பெயர். ஆங்கிலத்தின் ‘புரொவிஷன்’ இதுதான். ஆனால் அதே ஒலியுடைய டச்சு ‘ப்ரொவீசி’ முகவருக்குப் போகும் கமிஷன். இரண்டும் இடம் மாறினால் நிறுவனத்தின் பெரும் பொறுப்பு ஒன்று முகவர் செலவாகத் தோற்றம் தரும். நிதி ஆவணங்களை மொழிபெயர்ப்பவர் கணக்கியலும் படித்திருக்க வேண்டும் என்று வலியுறுத்துவதற்கு இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும்.

கேள்வி: நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் எப்போது தேவை? தரச் சான்று எதைக் காட்டுகிறது?

பதில்: நீதிமன்றம், நோட்டரி, நிலப் பதிவகம், அரசு அலுவலகம் ஆகியவற்றுக்குப் போகும் ஆவணங்களுக்குத்தான் முத்திரையிட்ட மொழிபெயர்ப்பு தேவை. வங்கியின் இணையதளத்துக்கோ ஆண்டறிக்கைக்கோ தேவையில்லை. நெதர்லாந்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர், மொழிபெயர்த்துரைப்போருக்கான சட்டம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பராமரிக்கும் பதிவேட்டில், ஒருவர் எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு உரிமை பெற்றவர் என்பதை யாரும் பார்க்கலாம். திசை முக்கியம். டச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு உரிமை பெற்றவர் எதிர்த்திசையிலும் உரிமை பெற்றவர் என்று கொள்ளக் கூடாது. பெல்ஜியத்தின் தேசியப் பதிவேடு 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. அந்தப் பதிவு நெதர்லாந்தில் உறுதிமொழி எடுத்ததற்குச் சமமாகாது.

இந்தியாவிலிருந்து போகும் சான்றிதழ்களுக்கு ‘அப்போஸ்டில்’ முத்திரை பயன்படும். அந்த முத்திரையை வகுத்த சர்வதேச உடன்படிக்கை 2005 முதல் இந்தியாவுக்கும் பொருந்துகிறது. நெதர்லாந்தின் நகராட்சிகள் டச்சு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில் உள்ள சான்றுகளைப் பார்க்கும். தமிழில் மட்டும் உள்ள சான்றுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும்.

தரச் சான்று வேறு விஷயம். ஐ.எஸ்.ஓ. 17100 என்ற 2015ஆம் ஆண்டுத் தரநிலை, மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாவது நபர் மூலத்தோடு ஒப்பிட்டு முழுவதையும் திருத்த வேண்டும் என்கிறது. அந்த ஒற்றை நிபந்தனைதான் அதன் உயிர். விலை மிகக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் பலியாவது அந்த இரண்டாவது நபரின் வேலைதான். ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 2,000 முதல் 2,500 சொற்கள் மொழிபெயர்க்கலாம் என்பது தொழிலின் பொதுக் கணக்கு. நூறு பக்கப் பாலிசித் தொகுப்பை இரண்டு நாளில் தருவதாகச் சொல்பவரிடம், அதைச் சரிபார்க்கப்போவது யார் என்று கேட்பது நல்லது.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் இயந்திர மொழிபெயர்ப்பு போதாதா?

பதில்: டச்சு, ஆங்கிலம் இடையே இயந்திரங்கள் சரளமாக எழுதுகின்றன. அந்தச் சரளமே பிழையை மறைத்துவிடுகிறது. ‘ஈவென்டுயேல்’ என்ற டச்சுச் சொல் ‘இருந்தால்’, ‘ஒருவேளை நேரும்’ என்ற பொருள் தருவது. ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள சொல் ‘முடிவில் நிச்சயம் நேரும்’ என்ற பொருள் தரும். இழப்பீட்டு விதியில் இந்த மாற்றம் புகுந்தால் வாக்கியம் படிக்க நன்றாகவே இருக்கும், கடமை மட்டும் மாறிப்போயிருக்கும். இயந்திரம் எழுதியதை மனிதர் முழுமையாகத் திருத்தும் பணிக்கு 2017இல் ஐ.எஸ்.ஓ. 18587 என்ற தனித் தரநிலை வந்தது. வாடிக்கையாளர் மின்னஞ்சல், உள்சுற்றறிக்கை போன்றவற்றுக்கு அந்த முறை பொருத்தமாகவே இருக்கிறது.

ரகசியம் வேறு கேள்வி. கிளெய்ம் கோப்பில் நோயாளியின் உடல்நிலை இருக்கும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்க, அந்தக் கோப்பை ஒரு பொது இணையதளத்தில் ஒட்டுவது விதிமீறலாகும். வெளியாகாத காலாண்டு முடிவுகள் இன்னும் கூரானவை. 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சந்தை முறைகேட்டு ஒழுங்குமுறையின்படி, பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம் தன் உள்தகவல் அறிந்தவர்களின் பட்டியலைப் பராமரிக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் சந்தையில் உள்ள நிறுவனத்தின் முடிவுகளை முன்கூட்டியே மொழிபெயர்ப்பவரும் அந்தப் பட்டியலில் இடம்பெறலாம். அறிக்கை வெளியாகும் வரை அந்தப் பங்கை வாங்கவோ விற்கவோ அவருக்கு உரிமையில்லை.

கேள்வி: நெதர்லாந்தின் ஐந்தோவனில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம் வீடு வாங்கப்போகிறது. வங்கி தரும் ஆங்கிலப் பிரதியை மட்டும் படித்தால் போதுமா?

பதில்: போதாது. பல வங்கிகள் ஆங்கிலப் பிரதி தந்தாலும், தகவலுக்கு மட்டும் என்ற குறிப்போடுதான் தரும். கையெழுத்து விழுவது டச்சு ஆவணத்தில். ஆனால் ஒரு நல்ல வழி இருக்கிறது. வீட்டுக்கடன் பற்றிய 2014ஆம் ஆண்டு ஐரோப்பிய உத்தரவு, கடன் விவரங்களுக்கு ஒரு பொதுத் தகவல் தாளை வகுத்திருக்கிறது. எந்த நாட்டில், எந்த மொழியில் தந்தாலும் அதன் பகுதிகள் ஒரே வரிசையில் வரும். உத்தரவின் ஆங்கில வடிவிலுள்ள காலிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், வட்டி, தவணை, முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் ஆகியவை டச்சுத் தாளில் எங்கே இருக்கின்றன என்று மொழி தெரியாதவரும் கண்டுபிடிக்கலாம். வங்கி உறுதியான முன்மொழிவைத் தந்த பிறகு யோசிக்க 14 நாள் உண்டு. வீட்டு விற்பனை ஒப்பந்தத்தின் கையெழுத்திட்ட பிரதி கைக்கு வந்தபின், வாங்குபவர் விலகிக்கொள்ளச் சட்டம் மூன்று நாள் தருகிறது.

அடமானப் பத்திரம் நோட்டரி முன்னிலையில் எழுதப்படும். பத்திரத்தின் மொழி போதிய அளவு புரியாதவருக்கு மொழிபெயர்த்துரைப்பவர் உடன் இருக்க வேண்டும். அந்தச் செலவை முன்பே கணக்கில் சேர்ப்பது நல்லது. பத்திரத்தில் குழப்பம் தரும் சொற்களில் முதலாவது ‘ஹிப்போட்டேக்ஹேவர்’, அடமானம் கொடுப்பவர். பேச்சுவழக்கில் வங்கிதான் வீட்டுக்கடன் கொடுக்கிறது என்பதால் பலரும் இதை வங்கி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி வீட்டை ஈடாகக் கொடுப்பவர் கடன் வாங்குபவர், அதை ஏற்பது வங்கி. தவணை முறையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதத் தொகை மாறாத ‘அனுயிட்டேட்’ முறையும், அசல் மாதந்தோறும் சமமாகக் குறையும் ‘லினியேர்’ முறையும் உண்டு. 2013 முதல் புதிய கடனுக்கு வட்டியில் வரிச்சலுகை வேண்டுமென்றால் இவற்றில் ஒன்றின் வேகத்துக்குக் குறையாமல் 30 ஆண்டுக்குள் கடன் முழுவதும் அடையும்படி இருக்க வேண்டும். அசலை இறுதிவரை தொடாமல் வட்டி மட்டும் கட்டும் கடனும் விற்பனையில் உண்டு. அதற்கு அந்தச் சலுகை கிடைக்காது.

கேள்வி: டச்சுக்கும் தமிழுக்கும் இடையே பண விவகாரங்களை மொழிபெயர்த்த பழைய வரலாறு ஏதேனும் உண்டா?

பதில்: யாழ்ப்பாணத்தில் உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஆட்சி செய்தபோது, ஆளுநர் கொர்னேலிஸ் யோன் சிமோன்ஸ் ஊர் வழக்கங்களைத் தொகுக்கச் சொன்னார். நெடுங்காலம் அங்கு பணியாற்றிய கிளாஸ் இசாக்ஸ் என்ற அதிகாரி 1707 தொடக்கத்தில் அதை டச்சில் எழுதி முடித்தார். அதுதான் தேசவழமை. சீதனம், வாரிசுரிமை ஆகியவற்றோடு கடன், வட்டி, ஒற்றி ஆகியவற்றுக்கும் அதில் விதிகள் இருக்கின்றன. ஒற்றியில் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பார். நிலத்தை விற்கும்போது உறவினர், பங்காளி, அண்டை நிலத்தார் ஆகியோரோடு ஒற்றி பிடித்தவருக்கும் முன்வாங்கும் உரிமையை அது தந்தது.

அந்த டச்சு நூலை யான் பீருஸ் என்பவர் தமிழாக்கினார். உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்களிடம் அதைக் கொடுத்து, தங்கள் வழக்கத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் ஒப்புதல் தந்தபின் அது நடைமுறைக்குப் போயிற்று. மொழி அறிந்தவர் எழுத, பொருள் அறிந்தவர் சரிபார்க்கும் முறையை அன்றைய நிர்வாகமே கடைப்பிடித்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சி 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் தேசவழமையைத் தொடர்ந்து ஏற்றது. ஆங்கிலத்துக்கும் அது பெயர்க்கப்பட்டது. தமிழ் வழக்கம் டச்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்த அந்த வாசகமே இலங்கையின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. வட மாகாணத் தமிழரின் சொத்து வழக்குகளில் நீதிமன்றங்கள் இன்றும் அதைப் பொருத்திப் பார்க்கின்றன.